பன்னிரண்டாம் தேதி சிவப்பு

செஞ்சி
18.7.1983

அன்புள்ள ஜாஹிதா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் நலத்துக்கு துஆ செய்கிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி வம்பு.

நீ வாணியம்பாடிக்கு பஸ் ஏறி ஒன்பது நாள் ஆகிறது. இந்த ஒன்பது நாளில் சமையலைப் பற்றி ஒரு நூல் எழுதும் அளவுக்குத் தேறிவிட்டேன். சோறு குழைந்தால் கஞ்சி என்று பெயர் வைத்துவிடலாம். ரசத்துக்கு அப்படி ஒரு வசதி இல்லை. நேற்று பக்கத்து வீட்டு பவுனம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னா பாய், உங்க வூட்ல இன்னாமோ தீயுது?" என்றாள்.

"ரசம்."

"ரசம் எப்டி பாய் தீயும்?"

"அதான் எனக்கும் தெரியல."

அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இன்று காலையில் தங்கராசுவின் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்த நாலு பேரும் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். தங்கராசு மட்டும் தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"இன்னா பாய், பட்டணம் போவலியா? லீவா?"

"லீவுதான்."

"எத்தினி நாளு?"

"முதலாளி சொல்லி அனுப்புவாரு."

ராயப்பேட்டையில் ரங்கநாதன் முதலாளியின் பிரஸ் ஜூனிலேயே மூடியது அவனுக்கும் தெரியும், அவன் கடை நாய்க்கும் தெரியும். அவன் மரியாதைக்காகக் கேட்கிறான். நான் மரியாதைக்காகப் பொய் சொல்கிறேன்.

கடையில் பேப்பர் படித்தேன். மழை இல்லை, கரண்ட் இல்லை, பொருளாதார மந்தம் என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தது. நாட்டில் எந்த மில் ஏன் மூடியது என்பதற்கெல்லாம் காரணம் இருந்தது. எங்கள் பிரஸ் மூடியதற்கு மட்டும் காரணம் போடவில்லை. அந்தக் காரணம் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

இதை உன்னிடம் பஸ் ஸ்டாண்டிலேயே சொல்ல வாயெடுத்தேன். நீ ஜன்னல் வழியாக, "அடுப்பை அணைச்சீங்களா?" என்று கேட்டாய். அணைக்கவில்லை. ஓடிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

போன வருஷம் இந்த 1983 காலண்டருக்கு எழுத்து அடுக்கியபோது ஒரு தப்பு செய்தேன். தினசரி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் சிவப்பு மை, மற்ற நாளெல்லாம் கறுப்பு மை. அடுக்கி முடித்த பக்கங்களைச் சிவப்புக்கு ஒரு பலகை, கறுப்புக்கு ஒரு பலகை என்று பிரித்து வைப்போம். நான் ஒரு சாதாரண நாளை எடுத்துச் சிவப்புப் பலகையில் வைத்துவிட்டேன். அது அப்படியே ஓடிவிட்டது. ஜனவரியில் பெரிய ஆர்டர்காரரான அப்பளக் கம்பெனி முதலாளி வந்து, காலண்டரை மேஜைமேல் வீசி, "எந்த ஊர்ல ஐயா அன்னைக்கு லீவு?" என்று கத்தினார். அடுத்த வருஷத்துக்கு ஆர்டர் இல்லை என்றார். ஜூனில் பிரஸ் ஷட்டர் இறங்கியது. என்னோடு சேர்த்து ஏழு பேர் தெருவில். முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும்.

நீ நாற்பது வயதில் தங்கச்சி வீட்டில் ஒண்டிக்கொண்டு ஷூ தைக்கப் போனதும் அந்தச் சிவப்பு மையால்தான். ஊருக்குப் பொய்யாக ஒருநாள் லீவு கொடுத்தேன். ஆண்டவன் எனக்கு நிஜமாகவே கொடுத்துவிட்டான், முடிவு தேதி போடாமல்.

உன்
ஜகபர் அலி

உன் தலையணையை வெயிலில் போடச் சொன்னாய். போடவில்லை. ஏன் என்று கேட்காதே.


வாணியம்பாடி
27.7.1983

நம் மகள் தாஹிராவோட அத்தாவுக்கு ஜாஹிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதத்தை முன்னி வீட்டுக்காரர் பேருக்கு ஏன் போட்டீர்கள்? ஹுசைன் அதைப் பிரித்து, சாப்பிட உட்கார்ந்த எல்லோருக்கும் சத்தமாகப் படித்தார். தலையணை வரைக்கும் படித்தார். முன்னி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு என் சின்னத் தங்கச்சி முன்னால் சாப்பாடு இறங்கவில்லை. இனிமேல் என் பேருக்குப் போடுங்கள்.

வேலை பரவாயில்லை. ஷூவின் மேல்தோலை மெஷினில் தைக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் முதுகு சாயங்காலம்தான் என்னுடையது ஆகிறது. சூப்பர்வைசர் மீனம்பாள் அம்மா கெட்டவர் இல்லை, ஆனால் சிரிக்க மாட்டார். இங்கே நம் ஜனங்கள் எல்லோரும் உருது பேசுகிறார்கள். நான் தமிழில் பதில் சொன்னால் "நீ முஸ்லிம்தானா?" என்கிறார்கள். செஞ்சி முஸ்லிம் என்கிறேன். அது என்னமோ தனி ஜாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் எழுதியதை மூன்று தரம் படித்தேன். அப்பளக்காரர் கத்தினதை எழுதியிருக்கிறீர்கள். பலகையை எழுதியிருக்கிறீர்கள். தங்கராசு நாயைக்கூட எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தேதி என்று எழுதவில்லை. இருபது வருஷமாக எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கின மனுஷன் தேதியை மறந்துவிட்டார் என்று நம்ப நான் என்ன முன்னியா?

எந்தத் தேதி?

நீங்கள் சிரிக்க வைக்கிறபோதெல்லாம் எதையோ பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். போன அக்டோபரில் மலைக்குப் போகிற நாளில் நீங்கள் வரவில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து இருபத்திரண்டு தடவை தவறாமல் ராஜகிரிக்குப் போனோம், போன வருஷம் தவறியது. அதற்கும் ஒரு சிரிப்புக் கடிதம்தான் வந்தது. சீசன் வேலை, முதலாளி என்னைக் கட்டிப் போட்டிருக்கிறார் என்று. அதை நான் மறக்கவில்லை. அது வேறு விஷயம்.

தலையணையை வெயிலில் போடுங்கள். பூச்சி வரும்.

ஜாஹிதா

உங்கள் நீலக் கோடு போட்ட சட்டை என் பையில் வந்துவிட்டது. தப்பாக வந்துவிட்டது.


செஞ்சி
14.8.1983

அன்புள்ள ஜாஹிதா,

இந்தக் கடிதம் உன் பேருக்கே வருகிறது. ஹுசைன் மாப்பிள்ளை உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அவருக்கு என் ஸலாம்.

சட்டை தப்பாக வந்தது என்கிறாய். என் சட்டைக்கு என்னைவிடப் புத்தி இருக்கிறது. பஸ் ஏறிவிட்டது.

நல்ல செய்தி முதலில். திண்டிவனத்தில் பிரஸ் வைத்திருக்கும் கோவிந்தசாமி, காலண்டர் சீசனுக்கு ஆள் வேண்டும், உடனே வா என்று சொல்லி அனுப்பினார். போனேன். இனி கெட்ட செய்தி. உட்காரச் சொல்லி, எழுத்து அடுக்குகிற ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார். ஒரு வரி அடுக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பெட்டியிலிருந்து 'அ'வை எடுத்தேன். கை நடுங்கி அது ஸ்டிக்கில் உட்கார மாட்டேன் என்றது. ஏழு பேரின் சோறு அந்த ஈய எழுத்தில் தொங்குகிற மாதிரி இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா பாய், கையில?"

"சொறி, முதலாளி."

"சொறியா? காட்டு."

"உள்ளுக்குள்ள இருக்குது."

அவர் மேற்கொண்டு கேட்பதற்குள் செஞ்சி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். இதைக் கடிதத்தில் எழுதும்போது சிரிப்பாகத்தான் வருகிறது. பஸ்ஸில் வரவில்லை.

அப்புறம், உன் புருஷன் திருடனாகிவிட்டான். டிசம்பரில் ஒரு கட்டு காலண்டர் கொண்டுவந்து, "நான் அடுக்கினது" என்று பதினேழு இடத்தில் ஆணியும் நானே அடித்து மாட்டினேன் அல்லவா? அந்தப் பெருமை இப்போது பதினேழு சுவரில் தொங்குகிறது. அந்த நாள் வந்ததும் ஊரே சிவப்பைப் பார்த்து, "இது என்னா லீவு? யாரு போட்ட காலண்டரு?" என்று கேட்கும். அதனால் ஒவ்வொரு இடமாகப் போய் அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துக்கொண்டு வருகிறேன். சலூன் சுவரை எட்டுவதற்கு ஒரே வாரத்தில் மூன்று ஷேவிங். முகம் குழந்தை முகம் ஆகிவிட்டது. ரேஷன் கடையில் தேவையில்லாத மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். தங்கராசு கடையில்தான் மாட்டிக்கொண்டேன்.

"இன்னா பாய், இது ஆகஸ்டு மாசம். கையி அவ்ளோ ஆழம் போவுது?"

"ஒரு விசேஷம் பாக்கறேன், தங்கராசு."

"பாக்கறதுக்கு இன்னாத்துக்கு கிழிக்கிறீங்க?"

"கண்ணு தெரியல. கிட்ட வெச்சிப் பாக்கணும்."

அவன் டீயில் சர்க்கரை கொஞ்சம் அதிகமாகப் போட்டான். ஊர் என்னைப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டதன் அடையாளம் அது.

அவலூர்பேட்டைக்குப் போய் நம் தாஹிராவையும் பார்த்தேன். நன்றாக இருக்கிறாள். அவள் டீ போட உள்ளே போன நேரத்தில் அங்கேயும் வேலையை முடித்தேன். பெற்ற மகள் வீட்டிலேயே கை வைத்தாயிற்று.

தேதி கேட்டாய். தேதியில் என்ன இருக்கிறது? ஒரு தேதி.

சாயங்காலம் திருவண்ணாமலை பஸ் வருகிற நேரத்துக்கு ஸ்டாண்டில் போய் நிற்கிறேன். நீ அதில் இல்லை என்று தெரிந்துதான் நிற்கிறேன். இறங்குகிற எல்லோரையும் எண்ணி முடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். என்னை பஸ் கம்பெனி அனுப்பிய கணக்கெடுக்கும் ஆள் என்று நினைத்து, புதுக் கண்டக்டர் ஒருவன் நேற்று சல்யூட் வைத்தான்.

ஜகபர் அலி


வாணியம்பாடி
3.9.1983

தாஹிராவோட அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாஹிரா கடிதம் போட்டிருக்கிறாள். அத்தா வந்துபோன பிறகு எங்கள் வீட்டுக் காலண்டரில் அக்டோபர் பதினொன்றுக்கு அடுத்து பதிமூன்று வருது, அத்தாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறாள்.

திருடத் தெரியாதவர் திருடினால் இப்படித்தான் ஆகும். ஒரு தாளைக் கிழித்தால் மிச்சம் இருக்கிற தாளெல்லாம் அதன் பேரைச் சொல்லும்.

பன்னிரண்டு. நாம் மலைக்குப் போகிற நாள்.

கல்யாணமான ஏழாம் நாள் நீங்கள் என்னை ராஜகிரிக்குக் கூட்டிப்போனீர்கள். பாதி மலையில் என் செருப்பு வார் அறுந்தது. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம், மேலே போகவே இல்லை. இறங்கும்போது என் செருப்பு இரண்டையும் நீங்கள் கையில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக வந்தீர்கள். ஊரே சிரித்தது. நான் வெட்கத்தில் செத்தேன். ஆனால் அன்றைக்குத்தான் இவரோடு இருந்துவிடலாம் என்று நினைத்தேன். இதை நான் உங்களிடம் சொன்னதில்லை.

போன வருஷம் நீங்கள் வரமுடியாது என்று எழுதியபோது நான் ஒரு பதில் போட்டேன். "உங்கள் காலண்டரில் எல்லாப் பண்டிகைக்கும் லீவு இருக்கிறது, எனக்கு மட்டும் ஒரு நாள் இல்லையா?" என்று எழுதினேன். தபால் பெட்டியில் போட்டதுமே மனசு உறுத்தியது. கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்றுகூடப் பார்த்தேன். முழங்கைக்கு மேல் போகவில்லை.

அப்படியானால் அந்தச் சிவப்பு என் கடிதத்திலிருந்து வந்தது. இதை இங்கே மெஷின் முன்னால் உட்கார்ந்து நினைத்தபோது தையல் கோணியது. பிரஸ் மூடியது உங்கள் தப்பு என்றால் அதில் பாதி என்னுடையது. என் பங்கைக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் வேறு எதையும் நீங்கள் தனியாகத் தின்றதில்லை, இதை மட்டும் ஏன்?

இன்னொன்று. போன வாரம் நானும் ஒரு தப்பு செய்தேன். நாற்பது ஷூவுக்குத் தைத்தேன், நாற்பதும் இடது கால். உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுத மாட்டேன். மீனம்பாள் அம்மா பார்த்துவிட்டு, "ஊரெல்லாம் நொண்டியா?" என்றார். அழுகை வந்தது. "அழுதா காலு மாறுமா? பிரிச்சித் தை" என்றார். பிரித்துத் தைத்தேன். யாரும் சாகவில்லை.

நீங்கள் சம்பாதித்தால்தான் வீட்டுக்கு வருவேன் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வீட்டில் இருந்தால் வருவேன். ஜனவரியிலிருந்து நீங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் வெறும் சட்டைதான். அந்தச் சட்டையையும் நான் எடுத்து வந்துவிட்டேன். ரங்கநாதன் முதலாளியை நேரில் போய்ப் பாருங்கள். பிரஸ் ஏன் மூடியது என்று அவர் வாயால் கேளுங்கள். கேட்டபிறகு எழுதுங்கள். அதுவரைக்கும் ரசக் கதை எதுவும் வேண்டாம்.

ஜாஹிதா


செஞ்சி
22.9.1983

அன்புள்ள ஜாஹிதா,

போய் வந்துவிட்டேன்.

முதலாளி இப்போது மச்சான் வீட்டுப் பாத்திரக் கடையில் இருக்கிறார். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுத்தை விட்டுப் போகவில்லை மனுஷன். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வசனத்தை ஒரே மூச்சில் சொன்னேன். உங்களையும் ஆறு பேரையும் நான்தான் தெருவில் நிறுத்தினேன் என்றேன். கடையில் குடம் வாங்க வந்த ஒரு அம்மா பயந்து வெளியே போய்விட்டாள்.

"அலி, அந்த அப்பளக்காரன் இப்ப எங்க இருக்கான் தெரியுமா?"

"தெரியாது முதலாளி."

"எனக்கும் தெரியாது. மார்ச்சு மாசமே கம்பெனிய மூடிட்டுப் போய்ட்டான். நீ தங்கத்துல அடுக்கிக் குடுத்திருந்தாலும் அவனாண்ட ஆர்டர் குடுக்க ஆளில்ல. ஒரு நாளைக்கு கரண்டு எவ்ளோ நேரம் வந்துச்சு? நீயே சொல்லு. பேப்பர் கிடைச்சுதா? அந்தக் காலண்டரு வெளிய வர்றதுக்கு முன்னாடியே நான் மெஷினை விலை பேசிட்டேன். உங்க மூஞ்சியப் பாத்து சொல்ல வாய் வரல, அதான் ஜூன் வரைக்கும் இழுத்தேன்."

நான் அந்த அம்மா வாங்காமல் விட்டுப்போன குடத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு தாளு செவப்பாப் போனதுக்கு ஒரு பிரஸ்ஸு சாயும்னா நெனச்சே? அவ்ளோ பெரிய ஆளாய்யா நீ?" என்று சிரித்தார்.

உண்மையைச் சொல்கிறேன், ஜாஹிதா. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முதலில் கொஞ்சம் கோபம் வந்தது. எட்டு மாதமாக நான் ஒரு பிரஸ்ஸைக் கவிழ்த்தவன். ராயப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை என் ஒரு கையால் ஆட்டி வைத்தவன். அதையும் பிடுங்கிக்கொண்டு, நீ வெறும் கம்பாசிட்டர், மழையும் கரண்டும் செய்ததைப் போய் உன் பேரில் எழுதிக்கொண்டாய் என்றால்? பஸ்ஸில் தாம்பரம் தாண்டிய பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்.

இனி நீ கேட்ட உன் பங்கு. உன் கடிதம் வந்த அன்று அக்டோபர் பக்கங்கள் அடுக்கிக்கொண்டிருந்தேன். கடிதம் சட்டைப் பையில் இருந்தது, அந்த நீலக் கோட்டுச் சட்டைதான். பன்னிரண்டாம் தேதியை முடித்து நிமிர்ந்தேன். எதிரே இரண்டு பலகை. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கை அதைக் கொண்டுபோய்ச் சிவப்பில் வைத்தது. அது லீவு நாள் என்று அந்தக் கைக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். திருத்தம் பார்க்க எடுக்கிற தாளெல்லாம் கறுப்பில்தான் எடுப்போம். அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த வருஷம் முதலாளி என்னைக் கட்டிப் போட்டிருந்தார் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? பொய். நான் லீவு கேட்கவே இல்லை. கரண்ட் வருகிற நேரத்தில் வேலை செய்தால்தான் உண்டு, எல்லோரும் பயந்து கிடந்தார்கள், என்ன காரணம் சொல்லிக் கேட்பது என்று வாய் கூசியது. வாய் கேட்காததைக் கை எடுத்துக்கொண்டது. இப்போது முதலாளியிடம் கேட்டேன். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். ஆக, நான் செய்த தப்பு சிவப்பு மையில் இல்லை. லீவு கேட்காததுதான். இதில் உனக்குப் பங்கு கிடையாது.

கிளம்பும்போது ஒரு டம்ளரில் உன் பெயரை வெட்டித் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் 'ஜஹிதா' என்று இருக்கிறது. கால் ஒன்று விட்டுப்போய்விட்டது. உன் நாற்பது இடது காலில் ஒன்றை அனுப்பிவை.

அடுத்த மாதம் பன்னிரண்டு புதன்கிழமை. கீழே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அடித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே.

ஜகபர் அலி


வாணியம்பாடி
28.9.1983

தாஹிராவோட அத்தாவுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்.

வர முடியாது. கப்பலுக்குப் போகிற சரக்கு. அடுத்த மாதம் முழுக்க யாருக்கும் லீவு இல்லை என்று மீனம்பாள் அம்மா எழுதியே ஒட்டிவிட்டார். காய்ச்சல் வந்த பெண்ணுக்கே மாத்திரை கொடுத்து உட்கார வைத்தார். வாரத்து நடுவில் ஒரு புதன்கிழமை, மலைக்குப் போகணும் என்று நான் எந்த முகத்தோடு கேட்பேன்? நீங்கள் போன வருஷம் ஏன் கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது. தெரிந்தாலும் கோபம் போகவில்லை.

முதலாளியைப் பார்த்ததை எழுதினீர்கள். திண்டிவனம் போனதாக எழுதவில்லை.

நீங்கள் திருடின தாளில் ஒன்று அனுப்புங்கள். அது எப்படிச் சிவப்பாக இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. நம் வீட்டுக் காலண்டரில் அது வருவதற்கு முன்னாலேயே நான் கிளம்பி வந்துவிட்டேன்.

ஜாஹிதா


செஞ்சி
5.10.1983

அன்புள்ள ஜாஹிதா,

தாள் இதற்குள் இருக்கிறது. பதினேழில் மடிப்பு இல்லாதது இதுதான். சலூன் தாள், கொஞ்சம் பவுடர் வாசனை வரும்.

திங்கட்கிழமை திண்டிவனம் போய்ச் சேர்ந்துவிட்டேன். உள்ளே நுழைந்ததும் கோவிந்தசாமி, "சொறி ஆறிடுச்சா பாய்?" என்றார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு, பலகை, அப்பளம், பதினேழு தாள். ஒன்றையும் சிரிப்பாகச் சொல்லவில்லை. அப்படியும் அவர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, "ஜனவரிலேந்து அடுக்க ஆளு இருக்குது. நீ அக்டோபர்லேந்து ஆரம்பி" என்றார். வேண்டுமென்றே சொன்னாரோ என்னவோ.

கை முதலில் நடுங்கியது. நடுங்கினபடியே அடுக்கினேன். 1984இல் அக்டோபர் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை. அடுக்கி, மூன்று தரம் படித்து, கறுப்புப் பலகையில் என் கையாலேயே வைத்தேன். வைத்துவிட்டு ஒரு நிமிஷம் கையை எடுக்கவில்லை. உன்னை பஸ் ஏற்றிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அப்படி.

நேற்று வேலை முடிந்ததும் கோவிந்தசாமி முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"பன்னண்டாந் தேதி லீவு வேணும்."

"வந்து ரெண்டு நாளு ஆவல, லீவா? இன்னா விசேஷம்?"

வாய்க்குப் பின்னால் ஆறேழு பொய் வரிசையாக வந்து நின்றது. மாமியார் மவுத்து முதற்கொண்டு. உன் அம்மா மன்னிக்கட்டும்.

"பொண்டாட்டியோட மலைக்குப் போற நாளு, முதலாளி. போன வருசம் போவல."

"ஊர்லேந்து வராங்களா?"

"இல்ல. அவங்களுக்கு லீவு கெடைக்காது."

"அப்ப யாரோட போவ?"

"நான் மட்டும்."

"சரி, போ. ஆனா அத காலண்டர்ல போட்டுடாத" என்றார்.

ஆகவே புதன்கிழமை நான் போகிறேன். அந்தப் பாறை வரைக்கும்தான். ரொட்டி நானே சுடுவேன், குரங்குகள் பாவம். நீ வராததற்கு வருத்தப்படாதே. நீ இல்லாமல் நான் அங்கே போய் உட்கார்ந்தால்தான், போன வருஷம் நீ எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். நீ தனியாகப் போனாய் அல்லவா? பவுனம்மாள் சொன்னாள். இத்தனை கடிதத்தில் நீ அதை எழுதவே இல்லை.

ஜகபர் அலி


வாணியம்பாடி
9.10.1983

தாஹிராவோட அத்தாவுக்கு,

தாள் வந்தது. நல்ல சிவப்பு. நான் நினைத்ததைவிடச் சிவப்பு.

பவுனம்மாளுக்கு வாய் நிற்காது. ஆமாம், போனேன். ரொட்டியைத் திருப்பி எடுத்து வந்தேன்.

தாளை நேற்று வேலைக்கு எடுத்துப் போனேன். சும்மாதான் எடுத்துப் போனேன். மத்தியானம் மீனம்பாள் அம்மா தனியாக இருந்தார். என்ன தோன்றியதோ, போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னாம்மா இது?"

"புதன்கிழமைம்மா. எங்க ஊருப் பக்கம் அன்னைக்கு லீவு."

"இன்னா லீவு? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"செவப்புல போட்டிருக்குது, பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். "அச்சுலயே போட்டுட்டான், அப்ப லீவுதான்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். செவ்வாய் மத்தியானமே கிளம்பிக்கோ, வியாழன் காலையில் மெஷினில் இருக்கணும் என்றார். வெளியே வந்து கக்கூஸ் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தேன். உங்களோடு இருபத்து மூன்று வருஷம் இருந்ததில் இவ்வளவாவது கற்றுக்கொள்ளாமலா இருப்பேன்? பொய்யும் இல்லை. அச்சில் இருந்ததைக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருவண்ணாமலை பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமோ பின்னால் வருமோ தெரியாது. எப்படியும் கணக்கெடுக்கிற ஆள் ஸ்டாண்டில்தான் இருப்பார். புதன் ராத்திரி பஸ்ஸுக்கு நான் திரும்ப வேண்டும். அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். சரக்கு போய் முடிந்ததும் மிச்சத்தைப் பேசலாம்.

ரொட்டி சுட வேண்டாம். நான் வந்து சுடுகிறேன். தலையணையை இப்போதாவது வெயிலில் போடுங்கள். வேண்டாம், இருக்கட்டும். சட்டையை எடுத்து வருகிறேன், துவைக்கவில்லை.

செருப்புக்குப் புது வார் நானே தைத்திருக்கிறேன், ஷூத் தோலில். அறுகாது. அதனால் நீங்கள் தூக்கி வர ஒன்றும் இருக்காது. ஆனால் எனக்கு இப்போது முட்டி வலி, மெதுவாகத்தான் ஏறுவேன். நீங்கள் முன்னால் ஓடிப்போய் மேலே நின்று வேடிக்கை காட்ட வேண்டாம்.

கூடவே வாருங்கள்.

ஜாஹிதா